மூட்டையில் சேராத கார்

ஒரு சின்னக் கேள்வி. மலேசியாவில் பதினோரு வருஷம் வேலை பார்த்த ஒருவர், போதும் என்று ஊருக்கே திரும்புகிறார். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், டி.வி., சோபா எல்லாவற்றையும் கன்டெய்னரில் ஏற்றுகிறார். பக்கத்தில் அவருடைய கார் நிற்கிறது. அதையும் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம். ஆனால், அது மூட்டை இல்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1962ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டம், பயணியின் மூட்டை எது என்று இரண்டாவது பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. நம்மோடு வராமல் தனியே கப்பலில் வருகிற சாமானும் மூட்டைதான். மோட்டார் வாகனம் மட்டும் அதில் சேராது. குடிமாறி வருகிறவர்களின் வீட்டுச் சாமான்களுக்கு ஒரு வரம்பு வரை வரிச்சலுகை உண்டு. அந்தப் பந்தியில் காருக்கு இலை கிடையாது.

நம்ம ஆளுக்கு ஓர் ஊர் வேண்டுமே? மாஞ்சோலை என்று வைத்துக்கொள்வோம். ஏன் மாஞ்சோலை என்பதைப் பின்னால் சொல்கிறேன். தேயிலை பறித்த அம்மாவுக்குப் பிறந்து, படித்து, கோலாலம்பூர் போய், சொந்தக் காசில் 1500 சிசி கார் வாங்கியவர். அதுதான் அவர் வாழ்க்கையில் முதல் கார். குழந்தையை முதன்முதலாக ஸ்கூலில் கொண்டுவிட்ட கார்.

இறக்குமதிக் கொள்கை அவரிடம் கேட்பது இவ்வளவுதான். தொடர்ந்து இரண்டு வருஷமாவது வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். கார் ஒரு வருஷமாவது அவர் கையில் இருந்திருக்க வேண்டும். இந்தியாவில் நிரந்தரமாகத் தங்க வரவேண்டும். லைசென்ஸ் எதுவும் வேண்டாம். முழு வரியையும் கட்டினால் சரி.

‘அட, பரவாயில்லையே!’ என்கிறீர்களா? அந்த ‘முழு வரி’யைப் போட்டுப் பார்த்துவிடலாம். பி.காம். படித்தவனுக்குத் தேய்மானக் கணக்கு பழைய சிநேகிதன்.

கார் புதுசாக இருந்தபோது விலை 20 லட்ச ரூபாய் என்று வையுங்கள். இப்போது இரண்டு வயசு. சுங்கத்துறையின் தேய்மானம் முதல் வருஷம் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாவது வருஷம் 3 சதவீதம். ஆக 28 சதவீதம் கழிகிறது. மிச்சம் 14 லட்சத்து 40 ஆயிரம். கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் என்று 1 லட்சத்து 60 ஆயிரத்தைச் சேர்த்து 16 லட்சமாக்கிக்கொள்வோம்.

இனிமேல்தான் கச்சேரி. 2025 பட்ஜெட்டில், பழைய காருக்கான அடிப்படை சுங்க வரியை 125 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாகக் குறைத்தார்கள். நாம் கை தட்டுவதற்குள் வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி என்று 67.5 சதவீதத்தைப் போட்டார்கள். கூட்டினால் 137.5. முன்பு 125 சதவீதமும் அதன்மேல் சமூகநல மேல்வரியும் சேர்ந்து எவ்வளவு இருந்தது? அதே 137.5! வேளாண்மைக்கும் கோலாலம்பூர் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். தேயிலை பறித்தவரின் மகன் கட்டுவதால் பொருத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

16 லட்சத்துக்கு 137.5 சதவீதம் என்றால் 22 லட்சம். மொத்தம் 38 லட்சம் ஆச்சா? அந்த 38 லட்சத்தின் மேல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதாவது வரிக்கும் வரி. அது 15 லட்சத்து 20 ஆயிரம். கடைசியில் 14 லட்சத்து 40 ஆயிரம் மதிப்புள்ள பழைய கார், 53 லட்சத்து 20 ஆயிரத்தில் வந்து நிற்கிறது. வரி மட்டும் 37 லட்சத்து 20 ஆயிரம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் செலவும் ஆயுள் வரியும் தனி.

போனில் இதைக் கேட்கிற அப்பா என்ன சொல்வார்? “அந்த ரூவாய்க்கு இங்கன புதுசாவே ரெண்டு காரு வாங்கலாம்லா. அங்கனயே தள்ளிட்டு வாடே.” எந்தப் பொருளாதார நிபுணரும் இதைவிடச் சரியாகச் சொல்லமுடியாது.

இதே ஆள் துபாயிலோ தம்மாமிலோ இருந்திருந்தால் இந்தக் கணக்குக்கே வேலையில்லை. வளைகுடாக் கார்களுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். நம் இறக்குமதிக் கொள்கை வலப்பக்கம் கேட்கிறது. கடையநல்லூரிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் வளைகுடா போனவர்கள் வாசலுக்கு வருமுன்பே கதவு சாத்தியாகிவிட்டது.

அரசாங்கத்தின் தரப்பையும் கேட்டுவிடலாம். அது ஒன்றும் அசட்டுத்தனமானது இல்லை. கதவைத் திறந்துவிட்டால் ஜப்பானும் ஐரோப்பாவும் கழித்துப்போட்ட கார்களெல்லாம் இங்கே வந்து குவியும். ஸ்ரீபெரும்புதூரிலும் மறைமலைநகரிலும் கார் தொழிற்சாலைகளை நம்பி வந்தவர்களின் பிழைப்பு என்ன ஆகும்? நியாயம். வியாபாரத்துக்காகப் பழைய கார் கொண்டுவருவதைத் தடுக்க வேண்டியதுதான். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

ஆனால், ஒருவர், ஆயுளில் ஒருமுறை, தான் ஓட்டிய ஒரே ஒரு காரோடு வீடு திரும்புவது வியாபாரமா? குடிமாறுகிறவரையும் கார் வியாபாரியையும் ஒரே தராசில் நிறுத்துகிறது சட்டம். போகட்டும், அதனால் வியாபாரியாவது அடங்கினானா என்று பாருங்கள்.

1994இல் லண்டனிலிருந்து சென்னைக்கு ஒரு லெக்ஸஸ் கார் வந்தது. புதுக் கார். காகிதத்தில் மட்டும் 1993ஆம் வருஷத்துப் பழைய கார். அரசுக்கு நஷ்டம் ஒரு கோடிக்கு மேல் என்றது சி.பி.ஐ. சசிகலாவின் கணவர் ம.நடராசன் உள்ளிட்டவர்களுக்கு 2010இல் சி.பி.ஐ. நீதிமன்றம் இரண்டு வருஷம் சிறைத்தண்டனை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2017இல். கார் வந்து 23 வருஷம் கழித்து!

2013 மார்ச் 19 அன்று தி.மு.க. மத்திய ஆட்சிக் கூட்டணியிலிருந்து விலகியது. 21ஆம் தேதி காலை, வெளிநாட்டுக் கார் விசாரணை என்று சி.பி.ஐ. சென்னையில் மு.க.ஸ்டாலின் வீட்டு வாசலில் நின்றது. அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரமே இதை ஏற்க முடியாது என்றார். சோதனை அன்றைக்கே நின்றுபோனது. நாடு முழுக்க அரசியல் பேசினோம். அந்த விசாரணையின் அடியில் கிடந்த சங்கதியைப் பேசவில்லை. குடிமாறி வருகிறவர்களுக்கான விதியைப் பயன்படுத்தி, வெளிநாடுவாழ் இந்தியர்களின் பெயரில் சொகுசுக் கார்களை வரவழைத்து, வரியைக் குறைத்துக் காட்டி, பணக்காரர்களுக்கு விற்றார்கள் என்பதுதான் புகார்.

2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத்துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் வேட்டை நடத்தியது. பூட்டான் மொழியில் நும்கோர் என்றால் வண்டி. பூட்டான் வழியாக வரி கட்டாமல் கார்கள் வந்தன, பொய்க் காகிதத்தில் பதிவும் ஆயின என்று குற்றச்சாட்டு. சினிமாக்காரர்கள் வீடுகள்வரை போனார்கள்.

கவனித்தீர்களா? இந்த மூன்றிலும் காரைவிடக் காகிதம்தான் முக்கியம். வரி 137.5 சதவீதமாக இருக்கும்போது, ஒரு பொய்க் காகிதத்தின் விலை எத்தனை லட்சம் ஆனாலும் லாபம்தான். குடிமாறுகிறவனை வியாபாரி மாதிரி நடத்தினோம். வியாபாரி குடிமாறுகிறவன் வேஷம் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். நேர்வழிக்காரர் காரை விற்றுவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

இன்னொரு வழியும் இருந்தது, பிரபலமாக இருப்பது. சச்சின் டெண்டுல்கர் பிராட்மேனின் 29 சதங்களைத் தொட்டதற்காக ஃபியட் நிறுவனம் ஃபெராரி கார் பரிசளித்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட சுங்க வரியை 2003இல் மத்திய அரசு தள்ளுபடி செய்தது. ஊர் கொதித்தது, நீதிமன்றம் கேள்வி கேட்டது, கடைசியில் ஃபியட்டே வரியைக் கட்டியது. சச்சின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்காக இளகத் தெரிந்த சட்டத்துக்கு, இருபத்திரண்டாவது வயசில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பி வரும்போது ஏன் இளகத் தெரியவில்லை?

மற்ற ஊரில் எப்படி? ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் குடிமாறுகிறவர் 12 மாதமாவது வெளியே வாழ்ந்திருக்க வேண்டும். கார் 6 மாதமாவது அவர் உபயோகத்தில் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் சுங்க வரி கிடையாது. வந்த பிறகு 12 மாதம் விற்கக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது, இரவல்கூடக் கொடுக்கக்கூடாது. மீறினால் வரி. பிரிட்டனிலும் ஏறக்குறைய இதேதான். அங்கே கார் தொழிற்சாலைகள் இல்லையா? பென்ஸும் பி.எம்.டபிள்யூ.வும் எந்த ஊர்க் கார்கள்? அவர்கள் காரைப் பார்க்கவில்லை. ஆள் நிஜமாகவே குடிமாறுகிறாரா என்று பார்க்கிறார்கள்.

இப்போது மாஞ்சோலைக்கு வரலாம்.

மணிமுத்தாறு அணைக்கு மேலே, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து கொழுந்து பறித்தார்கள். கூலிக்காக ஊர்வலம் போய், 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் போலீஸ் தடியடியில் 17 உயிர்கள் போனதும் இவர்களுக்காகத்தான். குத்தகை முடிய 2028வரை காலம் இருக்கும்போதே, 2024இல் விருப்ப ஓய்வுக் காகிதத்தை நீட்டி, வீடுகளைக் காலி செய்யச் சொன்னது கம்பெனி. வீடு கம்பெனியுடையது, நிலம் காட்டினுடையது. மாஞ்சோலைக்காரர்களுக்கென்று இருந்தது கையில் தூக்க முடிந்த சாமான்கள்தான்.

நம்ம ஆள் பிறந்த வீடு அது. அவர் ‘நிரந்தரமாகத் தங்க’ வருகிறார் என்பதை நிரூபிக்க வேண்டும் என்கிறது விதி. எந்த முகவரியைக் காட்டி நிரூபிப்பார்? காரைக் கொண்டுவந்தே சேர்த்தாலும், பிறந்த ஊருக்கு ஓட்டிப்போக மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

ஒரு பக்கம், பரம்பரையாக வாழ்ந்தவர்களைக் கீழே இறக்கியபோது ‘குடிமாற்றம்’ என்ற சொல்லுக்கு எந்தச் சட்டத்திலும் கனம் இருக்கவில்லை. இன்னொரு பக்கம், அவர்கள் பிள்ளை திரும்பி வரும்போது அதே சொல்லுக்கு 37 லட்சம் விலை. இரண்டு இடத்திலும் காகிதம் சாமானைப் பார்க்கிறது, நிலத்தைப் பார்க்கிறது. குடியைப் பார்ப்பதில்லை.

‘கார் வைத்திருக்கிறவனுக்கு என்னப்பா கஷ்டம்?’ என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அவருக்கு வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதே காரை இங்கே வாங்கினால் என்ன ஜி.எஸ்.டி.யோ, அதைத் தேய்மானம் போன மதிப்புக்கு வாங்கிக்கொள்ளுங்கள். 16 லட்சத்துக்கு 40 சதவீதம் என்றால் 6 லட்சத்து 40 ஆயிரம். முனகிக்கொண்டேயாவது கட்டிவிடுவார். ஆயுளுக்கு ஒருமுறை, ஒரே கார். ஐந்து வருஷம் விற்கக்கூடாது என்று ஆர்.சி. புத்தகத்தில் முத்திரை குத்துங்கள். பாஸ்போர்ட்டிலும் குறித்துவையுங்கள். மீறினால் முழு வரியையும் அபராதத்தோடு பிடுங்குங்கள்.

அரசுக்கு நஷ்டம் வருமா? இப்போது 37 லட்சம் கேட்கிறார்கள். அவர் காரை அங்கேயே விற்றுவிட்டு வருவதால் கிடைப்பது பூஜ்யம். 6 லட்சத்து 40 ஆயிரம் பெரிதா, பூஜ்யம் பெரிதா? இந்தக் கணக்குக்கு பி.காம். எல்லாம் தேவையே இல்லை.