கடற்படை தேஜஸ்: தோல்வியும் இல்லை, வெற்றியும் இல்லை

2020 ஜனவரி 11 அன்று தேஜஸ் விக்ரமாதித்யா கப்பலில் இறங்கிய காணொளியை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். அதைப் பற்றி இரண்டே பேச்சுதான் காதில் விழுகிறது. ஒன்று, "உலக சாதனை". இன்னொன்று, "காசு தண்டம்". எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை.

முதலில் கணக்கு. தரைப்படை விமானத்தின் சக்கரக் கால்களை நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுவதற்கு வடிவமைப்பார்கள். கப்பலில் மூக்கைத் தூக்கி மெதுவா உட்கார நேரம் கிடையாது; அப்படியே விழ வேண்டியதுதான். அங்கே சுமார் 7 மீட்டர். ஆற்றல் வேகத்தின் வர்க்கம் என்பதால் அடி ஐந்து மடங்குக்கு மேல். கால் தடிக்கணும், கால் மாட்டியிருக்கிற உடம்பு தடிக்கணும், வாலில் கொக்கி வேணும். எடை ஏறுது. எஞ்சினோ அதே எஃப்-404. நம் கப்பல்களில் உந்தி எறியும் கேட்டபல்ட் கிடையாது, 14 டிகிரி சறுக்கு மேடைதான். அப்போ ஏறின எடைக்கு ஈடாக எதைக் குறைப்பது? எரிபொருளையும் ஆயுதத்தையும்தான்.

எங்க கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் வீடு கட்டினவங்களுக்கு இது புரியும். செம்மண்ணில் நின்ற பிளானை அப்படியே கொண்டுவந்து, சுவரை மட்டும் தடியாக்கினா போதாது. மழைக்கு மண் உப்பும், கோடைக்குப் பாளம் பாளமா வெடிக்கும், கூடவே சுவரும் வெடிக்கும். எங்க வீட்டுச் சுவரே சாட்சி.

திட்டத்துக்கு 2003-ல் ஒப்புதல். முதல் விமானம் பறந்தது 2012 ஏப்ரலில். 2016 டிசம்பரில் கடற்படைத் தளபதி சுனில் லான்பா, எடை அதிகம், கப்பலுக்கு ஒத்துவராது என்று வெளிப்படையாகவே சொன்னார். என் விமர்சனம் இங்கேதான். மேலே போட்ட கணக்கு 2003-லும் இதே கணக்குதான். தெரிய 13 வருஷம் ஏன்?

"அமெரிக்காக்காரன் ஒய்எஃப்-17-ஐக் கப்பலுக்கு மாத்தலையா?" என்று கேட்பார்கள். மாற்றினான். இறக்கையைப் பெரிசாக்கி, எரிபொருளைக் கூட்டி, காலைப் புதுசாச் செய்து, கடைசியில் எஃப்/ஏ-18 என்று வேறு விமானமே ஆகிவிட்டது. ரஃபேல் ஆரம்பத்திலேயே தரை, கடல் இரண்டையும் மனசில் வைத்து வரைந்தது. அதில் 26 விமானங்களைத்தான் 2025 ஏப்ரலில் சுமார் 63,000 கோடிக்கு ஒப்பந்தம் போட்டோம்.

அதனால் தண்டமா? இல்லை. கொக்கியால் கம்பி வடத்தைப் பிடிப்பதும், சறுக்கு மேடையில் ஏறும்போது கட்டுப்பாட்டு மென்பொருள் என்ன செய்யணும் என்பதும் புத்தகத்தில் கிடைக்காது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சோதனைத் தரவுதான் உண்மையான சொத்து. இப்போது திட்டமிடும் இரட்டை எஞ்சின் கடற்படை விமானத்துக்கு அதுதான் முதல்.

அந்த விமானத்தையாவது கப்பல் தளத்தில் இருந்து வரைய ஆரம்பிக்கட்டும். எடை வரம்பை முதல் நாளே எழுதி, வருஷாவருஷம் எவ்வளவு ஏறியது என்று வெளியே சொல்லட்டும். 13 வருஷம் கழித்து ஒரு தளபதி வந்து சொல்லி நமக்குத் தெரிய வேண்டாம்.