வழி கேட்டலின் அரசியல்

காரின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஜி.பி.எஸ். பெட்டியைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுகள் புழங்குகின்றன. ஒன்று விற்கிறவனின் பேச்சு: இனி நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை, தொலைந்துபோகவே மாட்டீர்கள். மற்றது புலம்புகிறவரின் பேச்சு: டீக்கடை ஓரமா வண்டிய நிறுத்தி, நாலு பேர்கிட்ட விசாரிச்சுப் போற அந்த மனித உறவு போச்சே. பார்ப்பதற்கு இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் ஒரே அனுமானத்தின் மேல்தான் இரண்டும் காலூன்றியிருக்கின்றன. வழி கேட்பது என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி நிகழ்கிற, கள்ளங்கபடமற்ற ஒரு செயல் என்கிற அனுமானம் அது. இதைக் கொஞ்சம் பிரித்துப் போட்டுப் பார்க்கலாம். (தனிப் பெட்டியின் இடத்தை இன்று பெரும்பாலும் கைப்பேசி பிடித்துக்கொண்டுவிட்டது. ஆனால் கண்ணாடியோரத் திரை, நடுவில் அம்புக்குறி, ஏவுகிற குரல் என்கிற ஏற்பாட்டை ஓட்டுநர்களிடம் பழக்கியதில் பெட்டிக்குப் பெரும் பங்குண்டு. எனவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறோம். வேறுபடும் இடத்தைப் பின்னால் பார்க்கலாம்.)

1

நம் ஊர்ப்புறங்களில் வழி கேட்கிறவருக்கு முதலில் கிடைப்பது பதிலில்லை, கேள்வி. 'யார் வீட்டுக்குப் போவணும்?' 'எந்தத் தெரு?' 'நீங்க எந்தப் பக்கம்?' இதில் விசாரிப்பும் இருக்கிறது, விசாரணையும் இருக்கிறது. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துக் கட்டப்பட்ட நிலத்தில் போகுமிடத்தைச் சொல்வதே சாதியைச் சொல்வதாக ஆகிவிடுகிறது. 'காலனிக்கா?' என்று திருப்பிக் கேட்கப்படும்போது அந்த ஒற்றைச் சொல்லில் குரலின் சுருதி இறங்குவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். 'சார்' என்று ஆரம்பித்த பேச்சு 'தம்பி' என்றாகி, பிறகு எந்த விளியும் இல்லாமல் கைகாட்டலோடு முடிந்துபோகும். 'காலனி' என்கிற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. முகவரிக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன ஒப்புதல் வேண்டும்?

ராத்திரி பத்து மணிக்குத் தனியாகக் கார் ஓட்டிவரும் பெண் வழி கேட்பதும், அதே இடத்தில் ஓர் ஆண் வழி கேட்பதும் ஒன்றா? அவளுக்குக் கிடைக்கும் பதிலில் வழியைத் தவிர வேறு என்னென்னவோ கலந்திருக்கும்.

பெட்டி இந்தக் கேள்விகள் எதையும் கேட்பதில்லை. 'இடது பக்கம் திரும்பவும்' என்பதைப் பண்ணையாரிடமும் பண்ணையாளின் மகனிடமும் ஒரே குரலில் சொல்கிறது. இது ஒரு விடுதலைதான். கொஞ்சநேரத்து விடுதலை, கண்ணாடி ஏற்றிய காருக்குள் மட்டுமான விடுதலை, கார் வாங்க முடிந்தவருக்கு மட்டுமான விடுதலை என்றாலும் விடுதலைதான். அற்ப விஷயம் என்று இதை ஒதுக்குகிறவர், அந்தக் கேள்விகளால் ஒருநாளும் கூசிப்போகாதவராகத்தான் இருக்க முடியும். டீக்கடை மனித உறவுக்காகக் கண்ணீர் விடும் நம் பழம்பெருமைக்காரர்கள், அந்த டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததா என்பதையும் சேர்த்து நினைவுகூர்ந்தால் நல்லது.

2

சரி, அப்படீன்னா பெட்டி அப்பாவியா? அதுவும் இல்லை.

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்துக்காக அமெரிக்க ராணுவம் கட்டியது. 1983இல் வழி பிசகி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்த பிறகுதான், இது பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று ரீகன் அரசு அறிவித்தது. கிடைத்தது எது? வேண்டுமென்றே கலப்படம் செய்த சமிக்ஞை. ராணுவத்துக்குத் துல்லியம், மற்றவர்களுக்குச் சுமார் நூறு மீட்டர் வரை பிழை. நூறு மீட்டர் பிழை என்றால் பெட்டி உங்களைப் பக்கத்துத் தெருவில் போகவைத்துக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளின்டனின் உத்தரவால் அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. சாதாரணக் கார்க்காரர் அன்றாடம் நம்பி ஓட்டுகிற பெட்டி அதற்குப் பிறகுதான் பரவலானது. நம்முடைய தெருமுனையின் துல்லியம் இன்னொரு நாட்டு அதிபரின் கையெழுத்தில் தொங்கியிருக்கிறது.

உடனே தேசியவாதி எழுந்து நின்று, நமக்குத்தான் 'நாவிக்' இருக்கிறதே என்பார். உண்மை. 2013 முதல் 2016 வரை ஏழு செயற்கைக்கோள்களை ஏவி இந்தியா தனக்கென்று ஒரு ஏற்பாட்டைச் செய்துகொண்டது. ஆனால் ஸ்விட்ச் வாஷிங்டனில் இருந்தால் என்ன, டெல்லியில் இருந்தால் என்ன? நம் கையில் இல்லை என்பதுதானே விஷயம்.

மேலிருந்து அளக்கும் இந்தக் கண்ணோடு நம் மண்ணுக்குப் பழைய பரிச்சயம் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தது 1799இல். அந்தப் போரில் கலந்துகொண்ட வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலையிலிருந்து அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். இந்தியாவையே முக்கோணங்களாக வெட்டிய பெரும் அளவைப் பணியின் தொடக்கம் அது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது அவருடைய பிரம்மாண்டமான அளவைக் கருவி மோதிச் சேதமடைந்தது. முதலில் படை, பின்னால் அளவுகோல், அதற்கும் பின்னால் வரி. வரைபடம் ஒருபோதும் வழி சொல்வதற்காக மட்டும் வரையப்பட்டதில்லை.

3

காகித வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கும். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தாளைத் திருப்பியோ தலையைத் திருப்பியோ உலகத்தோடு நம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டும். பெட்டியில் இது தலைகீழ். அம்புக்குறி எப்போதும் நடுவில். போகிற திசை எப்போதும் மேலே. நாம் திரும்பினால் உலகம் திரும்புகிறது. ஓட்டுநர் பிரபஞ்சத்தின் மையமாகிவிடுகிறார்.

ஆனால் இந்த மையத்துக்குப் பேச்சில்லை. கேட்பதும் கீழ்ப்படிவதும் மட்டுமே அதன் வேலை. தெருவில் போலீஸ்காரர் கூப்பிட, திரும்பிப் பார்க்கிற அந்தக் கணத்திலேயே ஒருவர் கருத்தியலின் தன்னிலையாகிவிடுகிறார் என்பது அல்தூஸர் விளக்கியது. பெட்டியின் குரலும் கூப்பிடுகிறது. வித்தியாசம் என்னவென்றால், போலீஸ்காரருக்குக் கோபம் வரும், பெட்டிக்கு வராது. அது சொன்ன திருப்பத்தில் நீங்கள் திரும்பாமல் போனால் திட்டாது, முறைக்காது. ஒரு நொடி மௌனம், பிறகு புதிய பாதை. அதன் பேச்சைத் தட்டிவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொள்கிற ஒவ்வொரு முறையும் நம்முடைய மீறலையும் கணக்கில் எடுத்து இன்னொரு கட்டளை தயாராகிவிடுகிறது. கோபப்படாத அதிகாரத்தை எதிர்த்து நிற்பது கஷ்டம்.

4

லண்டன் கறுப்பு டாக்ஸி ஓட்டுநர் உரிமம் பெற வேண்டுமானால், சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் சுற்றளவுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். 1865 முதல் நடக்கும் இந்தப் பரீட்சைக்கு 'அறிவு' என்றே பெயர். படித்து முடிக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அந்த ஓட்டுநர்களின் மூளையில், இடம் சார்ந்த நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதை எலினார் மக்வயரும் சக ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்டார்கள். லண்டனிலேயே செய்யப்பட்டு 2017இல் வந்த இன்னொரு ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: தானே வழி தேடும்போது சுறுசுறுப்பாகிற அந்தப் பகுதி, கருவி சொன்னபடி போகும்போது தெருக்களைக் கண்டுகொள்வதில்லை.

மூளை கெட்டுப்போகிறது என்று பயம்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தெருவை அறிவது என்பது உழைப்பாளியின் உடலுக்குள் சேர்ந்த சொத்து என்பதே இதன் பொருள். அவரை நீக்கினால் அந்தச் சொத்தும் அவரோடு போய்விடும். அதனாலேயே அவருக்கு ஒரு பேரம் பேசும் வலு இருந்தது. இப்போது அது அவர் உடலிலிருந்து பெயர்க்கப்பட்டு நிறுவனத்தின் கணிப்பொறிக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. சென்னையில் எந்த மழைக்கு எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணி நிக்கும், எந்தப் பள்ளிக்கூடம் எத்தன மணிக்கு விடும் என்பதெல்லாம் அறிந்த ஆட்டோக்காரரைப் பார்த்து, பின்சீட்டில் இருப்பவர் கைப்பேசியிலிருந்து தலைதூக்காமலே கேட்கிறார்: 'ஏண்ணே, மேப்புல இப்படிக் காட்டலியே?' இருபது வருஷத்து அறிவு ஒரே கேள்வியில் சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. ஏமாற்றிச் சுற்றிக்கொண்டு போகும் ஓட்டுநர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் கட்டணத்தைக் கணக்குப் பண்ணுகிற செயலிதான் பாதையையும் தீர்மானிக்கிறது என்றால், அதைச் சந்தேகிக்க நமக்குத் தோன்றுவதில்லையே, ஏன்?

5

செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவை நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் நேரத்தைக் கேட்டு, தான் நிற்குமிடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்வது பெட்டி. வானொலிப் பெட்டிபோல அது கேட்க மட்டும் செய்கிறது. யார் கேட்கிறார்கள் என்பது மேலே இருப்பவற்றுக்குத் தெரியாது. அந்த அளவில் பழைய பெட்டி ஊமை. அந்த ஊமைத்தனம்தான் அதன் நேர்மை.

அந்த நேர்மையும் நீடிக்கவில்லை. பயனாளர்களின் கருவிகளிலிருந்து டாம்டாம் நிறுவனம் திரட்டி விற்ற வேகக் கணக்குகளை வைத்து, நெதர்லாந்துப் போலீஸ் வேகக் கண்காணிப்பு கேமராக்களுக்கு இடம் தேர்ந்தெடுத்தது 2011இல் அம்பலமானது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கைப்பேசி வந்த பிறகு அம்பலமாவதற்கே ஒன்றும் இல்லை; பேச்சு இரண்டு பக்கமும் போவதுதான் அதன் இயல்பு. திரையில் நெரிசலைக் காட்டும் சிவப்புக் கோடு நம்முடைய கைப்பேசிகள் நம்மைப் பற்றிச் சொன்ன தகவலால் வரையப்பட்டது. அந்தச் சிவப்பு நாம்தான்.

ஆக, வழி கேட்பது நின்றுவிட்டது. பதில் சொல்வது நின்றபாடில்லை. டீக்கடைக்காரர் 'எந்தத் தெரு?' என்று வாயைத் திறந்து கேட்டார். அவரிடம் பொய் சொல்லலாம், வேறு தெருப் பெயரைச் சொல்லித் தப்பிக்கலாம், முறைத்துவிட்டும் போகலாம். கேட்காமலே எடுத்துக்கொள்கிறவனிடம் எதைச் சொல்லித் தப்பிப்பது?

6

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வரைபடச் செயலி காட்டிய பாதையில் போன கார் பாதியில் அறுந்து நின்ற பாலத்திலிருந்து ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேப் கொன்றுவிட்டது என்று செய்தி ஓடியது. அந்தப் பாலத்தின் முன்பகுதியை முன்னரே வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. வழியை மறிக்கச் சரியான தடுப்போ எச்சரிக்கைப் பலகையோ இல்லை. செயலிக்குத் தெரியவில்லை, சரி. அரசாங்கத்துக்குமா தெரியாது? இயந்திரத்தின் மேல் பழியைப் போடுவதில் அரசுக்கு ஒரு வசதி இருக்கிறது. அரசின் மேல் போடுவதில் நிறுவனத்துக்கு ஒரு வசதி. செத்தவர்களுக்கு எந்த வசதியும் இல்லை.

பெட்டியைத் தூக்கியெறியச் சொல்வது நம் நோக்கமில்லை. யார் வேண்டுமானாலும் தன் தெருவை வரைந்து சேர்க்கலாம், பெயர் திருத்தலாம் என்கிற அடிப்படையில் 2004இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் போன்ற முயற்சிகள் இருக்கின்றன. ஊர்த் தெருக்களெல்லாம் பெயரோடு இருக்க, அதற்கப்பால் பெயரில்லாத வெறும் கோடாக முடிந்துபோகும் பாதைகளை, அங்கே வாழ்கிறவர்களே தாங்கள் விரும்பும் பெயரில் எழுதிச் சேர்ப்பது ஒரு அரசியல் காரியம். செய்ய வேண்டியதும்கூட.

ஆனால் அதோடு முடிந்துவிடாது. கேட்கப்படாமல் தப்பிப்பதற்குக் கார் வேண்டும், கண்ணாடி வேண்டும், பெட்டி வேண்டும் என்கிற நிலைமை யாருடைய வெற்றி? நடந்துவருகிற ஒருவர் நாலுரோட்டில் நின்று வழி கேட்கும்போது, 'நீங்க யாரு?' என்கிற கேள்வி இல்லாமல் கை நீட்டித் திசை காட்டுகிற ஊர் இன்னும் உருவாகவில்லை. அதை உருவாக்குகிற வேலையை எந்தச் செயற்கைக்கோளுக்கும் குத்தகைக்கு விட முடியாது. அந்தச் சண்டை தெருவில்தான் நடந்தாக வேண்டும்.