திருத்துகிறவருக்கும் ஒரு பேட்

சுற்றுப்பலகை வரைகிறவர்களுக்குக் கிரவுண்ட் வலயம் போடுவது கைப்பழக்கமாகிவிட்டது. தடங்களை இழுத்து முடித்ததும் பலகையைச் சுற்றி ஒரு கோடு, பிறகு ‘பி’ விசை. மிச்ச இடமெல்லாம் செம்பு. 1992இல் பிரான்சில் ழான்-பியேர் சரா தொடங்கி, பின்னர் சேர்ன் ஆய்வகமும் கைகொடுத்த கிகேட் மென்பொருள் இலவசம் என்பதால், வட்டுக்கோட்டையில் மடிக்கணினி வைத்திருக்கும் மாணவருக்கும் இது எட்டும்.

வலயத்தால் நன்மை உண்டு. அதிர்வெண் கூடக்கூட, திரும்பிப் போகும் மின்னோட்டம் தன் தடத்துக்கு நேர் கீழேயே ஓடப் பார்க்கும். அங்கே முழுச் செம்பு இருந்தால் இரைச்சல் குறையும். ஆனால் கீழ்ப்பக்கத்தில் குறுக்கே ஒரு நீளத் தடம் போனால் வலயம் பிளந்து, மின்னோட்டம் சுற்றிவளைத்துப் போகும். திரை முழுக்க ஒரே நிறமாக இருப்பதால் அந்தப் பிளவு கண்ணில் படாது.

அதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். கண்ணாடியிழைப் பலகையைவிடச் செம்பு ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். உறுப்பின் காலை ஈயத்தால் ஒட்டும் செம்புத் திட்டுதான் பேட். வலயத்தோடு முழுதாக ஒட்டிய பேட்டில் 40 வாட் சோல்டரிங் அயனை வைத்தால், சூடு செம்பெங்கும் பரவி, ஈயம் பிடிக்காமல் உருண்டு நிற்கும். அதற்காகத்தான் தெர்மல் ரிலீஃப்: பேட்டைச் சுற்றி ஓர் இடைவெளி, அதைக் கடக்கச் சைக்கிள் சில்லுக் கம்பிபோல் நான்கு காம்புகள். கிகேட்டில் இடைவெளிக்கும் காம்பின் அகலத்துக்கும் இயல்பளவு 0.5 மி.மீ. கையால் ஈயம் வைக்க அருமையான ஏற்பாடு. ஆனால் சோலார் பனலிலிருந்து 20 அம்பியர் வரும் முனையத்துக்கும் மென்பொருள் அதே காம்புகளைத்தான் போடும். மொத்தம் 2 மி.மீ. செம்பு. பக்கத்துத் தடம் இரண்டை மறித்தால் 1 மி.மீ. அந்தப் பேட்டுக்கு மட்டும் முழு இணைப்பு கொடுக்கலாம். பேட்டின் பண்புப் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்தான் குறைவு.

பேட் வடிவங்களில் முதலாம் காலுக்குச் சதுரமும் மற்றவற்றுக்கு வட்டமும் வைக்கும் மரபு நல்லது. பலகையைப் புரட்டினாலும் திசை தெரியும். 2018இல் வந்த கிகேட் 5ஆம் பதிப்பிலிருந்து விரும்பிய வடிவத்திலும் வரையலாம். ஆனால் கிகேட்டின் பேட் நூலகத்தில் உள்ள அளவுகள் தொழிற்சாலை அடுப்பை எண்ணி வகுத்தவை. 0805 தடையிக்கு வழக்கமான பேட் நீளம் 1.025 மி.மீ.; ‘ஹேண்ட்சோல்டர்’ என்று பெயரிட்டதில் 1.20. கைக்குக் கொடுத்த சலுகை 0.2 மி.மீ.கூட இல்லை!

பெரிய பேட் திருத்துகிறவருக்கு எப்படி உதவும் என்பதைப் பழைய வானொலிகளில் காணலாம். போர்க்காலத்தில், 1990களில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்தக்கால வானொலிகளில் பெரும்பாலும் ஒருபக்கப் பலகைதான். துளைச் சுவரில் செம்பு இல்லாததால் பேட்டை அகலமாக வைத்தே ஆகவேண்டும். உற்பத்தியின் அந்தக் கட்டாயம் திருத்துநருக்கு வாய்ப்பாயிற்று: ஒட்டும் பரப்புக் கூடியதால், ஒன்றுக்கு இரண்டு தடவை கழற்றிப் பூட்டலாம். இன்றைய சிறு பேட் சூடு மிஞ்சினால் பலகையை விட்டு உரிந்துவிடும்.

ஆகவே எங்கள் ஊருக்கு வரையும் பலகையில், கழற்ற நேரும் உறுப்புகளுக்கு நீள்வட்டப் பெரும் பேட்டும் காம்பும், பெருமின்னோட்ட முனையங்களுக்கு மட்டும் முழு இணைப்பும் என்பது என் கட்சி. இதற்கு விலை உண்டு. சீனத் தொழிற்சாலைகளின் மலிவுச் சலுகை பெரும்பாலும் 100 மி.மீ. சதுரத்துக்குள், பேட் பெருத்தால் பலகையும் பெருக்கும். அந்த எல்லைக்குள் நிற்கத் தடையிகளை நெருக்கி வைப்பேன், கனெக்டரின் பேட்டில் கைவைக்கமாட்டேன். கடல்நீரேரியின் உப்புக்காற்றில் முதலில் கறுத்து, முதலில் மாற்றவேண்டி வருவது கனெக்டர்தான்.