சீ கிரீன் சுவரும் செல்போன் ஆப்பும்

பெரிய பெயின்ட் கம்பெனிகள் இப்போது ஆளுக்கொரு ஆப் வைத்திருக்கின்றன. போன் கேமராவைச் சுவர் பக்கம் திருப்பி ஒரு ஷேடைத் தொட்டால், திரையில் சுவரின் நிறம் மாறிவிடும். வில்லியனூரை ஒட்டி, நெல்வயல் பார்த்த ஒரு வீட்டின் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் வெளிர் சீ கிரீன் அடிக்க அப்படி ஓர் ஆப்பை வைத்துத்தான் தேர்வைத் தொடங்கினேன். க்ரீம், சந்தனம் போன்ற நிறங்களுக்கு இந்த ஆப்கள் பெரும்பாலும் போதும். நீலமா பச்சையா என்று சொல்ல முடியாமல் நடுவில் நிற்கும் இந்த நிறத்துக்குத்தான் அவை திணறுகின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு சுவருக்கும் அடிப்பதா, ஒரு சுவருக்கு மட்டுமா, சீலிங்கை வெள்ளையாக விடலாமா என்று வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தை இந்த ஆப் நிமிடத்தில் தீர்த்துவைக்கிறது. ஹாலின் நீளச் சுவரை ஓரம் பிசகாமல் பிடித்தது. அதில் விழுந்த நிழலையும் அப்படியே விட்டுவைத்தது. கிரில் ஜன்னலும் மாடமும் உள்ள சுவரில் தடுமாறி, கம்பிக்கும் சேர்த்து நிறம் பூசியது. விரலால் திருத்திக்கொள்ளலாம்.

அளவுக் கணக்கும் சரி. 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போகச் சுமார் 400. உள்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு 120 முதல் 140 சதுர அடி வரும். ஆக மூன்று லிட்டர் சொச்சம். ஆப் காட்டியது நான்கு லிட்டர் டப்பா. மேஸ்திரியும் அதைத்தான் சொன்னார்.

சிக்கல் நிறத்தில்தான். போன் கேமரா எந்த வெளிச்சத்தையும் வெள்ளையாக்கப் பார்க்கும்; மாலை மஞ்சள் வெயிலில் படம் பிடித்தால் மஞ்சளைக் குறைத்து நீலத்தைத் தூக்கும். போனில் கண்ணுக்கு இதமான இரவுத் திரை ஓடிக்கொண்டிருந்தால் நேர்மாறாக எல்லாமே மஞ்சளிக்கும். இதனால் ஒரே ஷேடு நம்பர் காலையில் பச்சையாகவும் இரவில் நீலமாகவும் தெரிந்தது. திரையால் இந்த நிறத்தைக் காட்ட முடியாது என்பதில்லை. வெளிர் நிறங்களைச் சாதாரண போன் திரையும் நன்றாகவே காட்டும். அறையின் வெளிச்சம் என்னவென்று ஆப்புக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த வீட்டில் அந்த வெளிச்சம் பல திசையிலிருந்து வருகிறது. ஜன்னலுக்கு வெளியே வயலும் வேம்பும். பகலில் உள்ளே விழுவது பச்சை கலந்த ஒளி. ஹால் தரை ரெட் ஆக்சைடு. அந்தச் சிவப்பு சுவரின் அடிப்பாகத்தில் ஏறி, சீ கிரீனைச் சாம்பல் பக்கம் இழுக்கிறது. இரவில் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி போட்டால் சுவர் நீலத்துக்குச் சாய்கிறது. பலர் “ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு” என்று முகம் சுளிப்பது இந்த வெளிச்சத்தில்தான். 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் அதே சுவர் இளம்பச்சையாகிறது. 4000 கெல்வின் பல்பு மாட்டிய பிறகுதான் கேட்லாக்கில் பார்த்த நிறம் கிடைத்தது. பெயின்ட்டை மாற்றுவதற்கு முன் பல்பை மாற்றிப் பாருங்கள், செலவு மிகக் குறைவு.

இது நம் ஊருக்குப் புது நிறமும் இல்லை. சுண்ணாம்போடு மயில்துத்தம் சேர்த்தால் வருவது ஏறக்குறைய இதே வெளிர் நீலப்பச்சைதான். தோட்டத்தில் தெளிக்கும் போர்டோ கலவையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்று மிக்சிங் மெஷின் இந்த நிறத்தை வெள்ளை பேஸில் சில துளி தாலோ நீலமும் தாலோ பச்சையும் விட்டுத் தருகிறது. தாலோ நீலம் 1935இல் சந்தைக்கு வந்தது. சுண்ணாம்புக் காரத்துக்கு வெளுக்காது. ஆனால் துளிக்கணக்கு என்பதால் சிறு பிசகும் சுவரில் தெரியும். ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கி, டப்பாக்களை ஒரே பக்கெட்டில் கலந்துகொள்ள வேண்டும். கையால் ஸ்டெய்னர் ஊற்றிக் கலக்க இந்த நிறத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அலங்காரத்துக்கு ஆப் தரும் யோசனைகளில் சாம்பல் சோபாவும் வெள்ளைத் திரையும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வில்லியனூரில் அதைவிட நல்ல பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டை இந்தச் சுவரின் முன் வைத்துப் பாருங்கள். செங்காவியும் நீலப்பச்சையும் எதிரெதிர் நிறங்கள். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று எடுப்பாகத் தெரியும். மாடத்தில் வைத்த ஒரு சுடுமண் குதிரை அந்த ஹாலுக்குச் செய்ததை, எந்தத் திரைச்சீலையும் செய்யவில்லை. மர அலமாரி, பிரம்பு நாற்காலி இரண்டும் பொருந்துகின்றன. பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் மட்டும் அறையைக் குளிராக்கிவிடுகிறது.

என் தீர்ப்பு இது: எந்தச் சுவர், எத்தனை லிட்டர் என்பதற்கு ஆப்பை நம்பலாம், எந்த ஷேடு என்பதற்கு நம்பக் கூடாது. பிடித்த இரண்டு மூன்று ஷேடுகளில் கிடைக்கும் மிகச் சிறிய டப்பாவை வாங்கி, பழைய சுவரில் பூசாமல், தனித்தனி வெள்ளைச் சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள். நன்றாகக் காயட்டும், எமல்ஷன் காய்ந்தால் சற்று அடர்த்தியாகும். பிறகு அட்டையைச் சுவருக்குச் சுவர் மாற்றி வைத்து, காலையிலும் மதியத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். மூன்று வேளையும் பிடித்த ஷேடின் நம்பரை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.