ஒரு வருட வரத்து, நூறு வருட இருப்பு

2019 நவம்பரில் அமெரிக்காவின் பால்டிமோர் கலை அருங்காட்சியகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2020-ம் வருடம் முழுக்க, காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொரு படைப்பும் ஒரு பெண் கலைஞருடையதாகத்தான் இருக்கும். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமையை உறுதி செய்த 19-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அது நூற்றாண்டு. அந்த வருடக் கண்காட்சிகளும் பெண்களை மையமாக வைத்தே திட்டமிடப்பட்டன. '2020 விஷன்' என்று பெயர்.

இந்த மாதிரி அறிவிப்பு வந்தால் ரெண்டு குரல் கேட்கும். ஒன்று, "ஆகா, புரட்சி!" இன்னொன்று, "இது ஆண்களுக்குச் செய்யும் அநியாயம்." ரெண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். நடந்தது பெரிய மாற்றம் என்று ரெண்டு பேருமே நம்புகிறார்கள். அது எவ்வளவு பெரியது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

அருங்காட்சியகம் தானே சொன்ன எண்கள் இவை: மொத்தச் சேகரிப்பு சுமார் 95,000. அதில் பெண்கள் படைத்தவை 4 சதவீதம்தான், அதாவது 3,800 சொச்சம். வருடத்துக்கு 100 படைப்புகள் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். (இந்த 100 கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டது.) நூறும் பெண்களுடையதாகவே இருந்தாலும் வருடக் கடைசியில் 4.0 என்பது 4.1 ஆகும். இதே வேகத்தில், வேறு எதுவுமே உள்ளே வராமல் போனால், 10 சதவீதத்தைத் தொட 63 வருடம் ஆகும். சரிபாதி ஆக 874 வருடம். புரட்சி என்பவர்களும் அநியாயம் என்பவர்களும் சண்டை போடுவது இந்த 0.1-க்காகத்தான்.

மேட்டூர் அணை நிலவரம் படிக்கிற நமக்கு இது புரியாத விஷயமில்லை. நீர்வரத்து வேறு, நீர் இருப்பு வேறு. ஒருநாள் வரத்து கூடிவிட்டது என்பதற்காக அணை நிரம்பிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். சரி, வழக்கமான வரத்து எவ்வளவு? ஜூலியா ஹால்பெரின், சார்லட் பர்ன்ஸ் என்ற இரு பத்திரிகையாளர்கள் 2019-ல் இதை எண்ணிப் பார்த்தார்கள். 2008 முதல் 2018 வரை 26 அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குள் வந்த படைப்புகளில் பெண்களுடையவை 11 சதவீதம். வரத்தே 11 என்றால், எத்தனை நூற்றாண்டு காத்திருந்தாலும் இருப்பு 11-ஐத் தாண்டாது. 'காலப்போக்கில் தானாகச் சரியாகிவிடும்' என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. அறிவிப்பு வாங்குவதைப் பற்றி மட்டும்தான் பேசியது. அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குள் வருவதில் பெரும்பகுதி நன்கொடை. யார் எதைச் சேர்த்து வைத்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் இருப்பைத் தீர்மானிக்கிறது. இதற்கு நல்ல உதாரணம் பால்டிமோரிலேயே இருக்கிறது. அங்கே பார்வையாளர்கள் தேடி வரும் பெரிய புதையல் கோன் சேகரிப்பு. கிளாரிபெல், எட்டா என்ற இரு சகோதரிகள் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சுமார் 3,000 பொருட்கள். அதன் உச்சம் மத்தீஸின் நூற்றுக்கணக்கான படைப்புகள். 1907-ல் அவர் வரைந்த நீல நிற நிர்வாணப் பெண் ஓவியமும் அதில் ஒன்று. தேர்ந்தெடுத்த கண் பெண்களுடையது, பணம் அவர்கள் குடும்பத்துடையது, சுவரில் பெயர் ஆணுடையது. சகோதரிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் காலத்துச் சந்தை எதைப் பெரிய கலை என்று காட்டியதோ, அதில் மிகச் சிறந்ததை வாங்கினார்கள். ஒருத்தர்கூடப் பாரபட்சம் பார்க்க நினைக்காமலேயே 4 சதவீதம் இப்படித்தான் உருவாகிறது.

இனி அதிகம் பேசப்படாத பாதி. 2020 அக்டோபரில் இதே அருங்காட்சியகம் மூன்று படைப்புகளை விற்கப் போவதாகச் சொன்னது. ஆண்டி வார்ஹோலின் 'கடைசி இரவு விருந்து', பிரைஸ் மார்டன் ஓவியம் ஒன்று, கிளிஃபோர்ட் ஸ்டில் ஓவியம் ஒன்று. இலக்கு 6.5 கோடி டாலர். ஊழியர்களின் சம்பள ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவும், பெண்கள், வெள்ளையர் அல்லாதோர் ஆகியோரின் படைப்புகளை வாங்கவும் அந்தப் பணம். உடனே பெரிய எதிர்ப்பு. முன்னாள் அறங்காவலர்கள் புகார்க் கடிதம் எழுதினார்கள். வாக்களித்த நன்கொடையைத் திரும்பப் பெறுகிறோம் என்றார்கள் சிலர். அக்டோபர் 28 அன்று, ஏலம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது விற்பனை நிறுத்தப்பட்டது.

எதிர்த்தவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அருங்காட்சியகப் பொருள் பொதுச்சொத்து. பணமுடை வரும்போதெல்லாம் விற்கிற பழக்கம் ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்பது சரியான கேள்விதான். ஆனால் ரெண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருப்பை 0.1 நகர்த்தும் திட்டம் ஒரு வருட விழாவாக நடந்தது. இருப்பிலேயே கை வைத்த திட்டம் ஒரு மாதத்துக்குள்ளேயே விழுந்தது. சமத்துவம் நிகழ்ச்சியாக இருக்கும்வரை எல்லாருக்கும் பிடிக்கும். சொத்தைத் தொட்டால்தான் நிஜமான விலை தெரிய வரும்.

கொரில்லா கேர்ள்ஸ் குழு இதை முன்னாடியே வேறு விதமாகக் காட்டிவிட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண்கள் என்று 1989-ல் போஸ்டர் அடித்தார்கள். 2012-ல் திரும்ப எண்ணினார்கள்: 4-க்கும் குறைவு, 76. இடையில் 23 வருடம். அந்த போஸ்டர் உலகப் புகழ் பெற்றது, அருங்காட்சியகங்களே அதை வாங்கி மாட்டின. எண் மட்டும் நகரவில்லை. விமர்சனத்தையும் ஒரு காட்சிப் பொருளாக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும் திறமை இந்த நிறுவனங்களுக்கு உண்டு.

அப்போ பால்டிமோர் செய்தது வீணா? இல்லை. போஸ்டரைவிட அது ஒரு படி மேல், ஏன்னா வாங்கும் பட்ஜெட்டைத் தொட்டது. தன்னுடைய 4 சதவீதத்தைத் தானே வெளியே சொன்னது அதைவிடப் பெரிய விஷயம். கோளாறு 'ஒரு வருடம்' என்ற சட்டகத்தில் இருக்கிறது. ஆண்களையே வாங்கியதற்கு யாரும் வருடம் குறிக்கவில்லை, பெயர் வைக்கவில்லை, அறிவிக்கவும் இல்லை. அது பாட்டுக்கு 1914-லிருந்து நடந்தது. அறிவிக்காத வழக்கத்தை அறிவித்த விழாவால் ஈடுகட்ட முடியாது. இன்னொரு வழக்கத்தால்தான் முடியும். கொள்முதல் விதியில் நிரந்தரமாக ஒரு வரி, நன்கொடை ஏற்கும் விதியில் இன்னொரு வரி, வருடா வருடம் இருப்புக் கணக்கை வெளியிடும் கட்டாயம். இதுக்கெல்லாம் திறப்பு விழா நடத்த முடியாது, தலைப்புச் செய்தியும் வராது.

இனி எந்த நிறுவனமாவது 'பெண்கள் ஆண்டு' என்று அறிவித்தால், நான் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: அடுத்த வருடத்துக்கான விதி என்ன?