மூலமும் உரையும்: பழைய கன்சோல் ஆட்டங்களும் ஆட்ட இதழ்களும்

பழைய வீடியோ ஆட்டங்களைப் பற்றி இன்று ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் எழுதப்படும் நினைவுக் கட்டுரைகள் இருவகைப் பொருள்களைப் போற்றுகின்றன. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடப்பட்ட கன்சோல் கருவியும் அதனுள் செருகப்பட்ட கேட்ரிட்ஜ் என்னும் பேழையும் ஒருவகை. அவ்வாட்டங்களைப் பற்றி வெளிவந்த பருவ இதழ்கள் மற்றொரு வகை. இரண்டும் சேகரிப்பாளரின் ஒரே அலமாரியில் இடம்பெறுகின்றன. ஆயினும் அவற்றுக்கு அளிக்கப்படும் மதிப்பு ஒன்றன்று. ஆட்டம் படைப்பாகக் கருதப்படுகிறது. இதழோ அக்காலத்தை நினைவூட்டும் துணைப்பொருள் என்ற அளவில் நின்றுவிடுகிறது. இதழின் அட்டைப்படத்தை வியப்பவர்கள் அதன் உள்ளடக்கத்தைப் படிப்பதில்லை. இம்மதிப்பீடு மறுபரிசீலனைக்குரியது. 1980களின் கன்சோல் ஆட்டங்களுள் பல தம்மளவில் முழுமை பெறாத பனுவல்கள். இதழோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அவை பொருள் தருகின்றன.

இவ்விதழ்களின் வரலாறு சுருக்கமானது. 1981ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் ‘கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’ இதழும் அமெரிக்காவில் ‘எலக்ட்ரானிக் கேம்ஸ்’ இதழும் தோன்றின. 1983 ஜூலையில் நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் ஃபாமிகாம் கருவியை வெளியிட்டது. அக்கருவிக்கென்றே 1985இல் டோகுமா ஷோட்டன் பதிப்பகம் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர் மேகசின்’ இதழைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் ‘ஃபாமிட்சு’ வந்தது. ஃபாமிகாமின் அமெரிக்க வடிவம் 1985இல் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்தபின், 1988இன் ஜூலை – ஆகஸ்ட் இதழாக ‘நின்டெண்டோ பவர்’ வெளிவரத் தொடங்கியது. இது அந்நிறுவனமே நடத்திய இதழ் என்பது பின்னர் நோக்கத்தக்கது.

பொய்யுரைக்கும் ஊரார்

இதழின்றி ஆட்டம் இல்லை என்னும் கருத்தை விளக்க கொனாமி நிறுவனத்தின் ‘காசில்வேனியா 2: சைமன்ஸ் குவெஸ்ட்’ ஒன்றே போதும். 1987இல் ஜப்பானிலும் 1988இன் இறுதியில் அமெரிக்காவிலும் வெளிவந்த ஆட்டம் இது. சாபத்திற்குள்ளான வீரன் ஒருவன், டிராகுலாவின் சிதறிக்கிடக்கும் உடற்கூறுகளைத் தேடித் திரட்டி அழிக்க வேண்டும். வழியறிய அவன் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசுகிறான். அம்மக்களுள் சிலர் வேண்டுமென்றே பொய் சொல்கின்றனர். டெபோரா என்னும் குன்றில் தலையை மோதினால் துளை உண்டாகும் என்கிறான் ஒருவன். மோதினால் ஒன்றும் நிகழ்வதில்லை. வேறொரு குறிப்போ அதே குன்றில் சிவப்புப் படிகத்தோடு ஓர் ஆன்மாவுக்காகக் காத்திருக்கச் சொல்கிறது. உண்மையில் செய்யவேண்டியது, சிவப்புப் படிகத்தைத் தேர்ந்தெடுத்துக் குன்றின் அடியில் முழந்தாளிட்டு அசையாமல் இருப்பது. சிறிது நேரத்தில் வருவது ஆன்மா அன்று, சூறாவளி. அது வீரனைத் தூக்கிச் சென்று அடுத்த நிலப்பகுதியில் சேர்க்கிறது.

இங்கு ஆடுபவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு பதிப்பாசிரியர் அறிந்த இடர்ப்பாடே. முன்னுள்ள தொடர் ஆசிரியர் கருதிச் செய்த பொய்யா, மொழிபெயர்ப்பில் சிதைந்த உண்மையா என்பதை அத்தொடரைக் கொண்டே முடிவுசெய்ய இயலாது. ஆட்டத்துள் ஒப்புநோக்குவதற்கு வேறு பாடமும் இல்லை. பனுவலுக்கு வெளியே ஒரு சான்று தேவைப்படுகிறது. அச்சான்றை வழங்கும் இடமாக இதழ் விளங்கியது. வாசகர்கள் ஆட்டத்தில் தடைப்பட்ட இடங்களைக் குறிப்பிட்டு வினவுவதும், நிறுவனத்தின் ஆட்ட ஆலோசகர்கள் விடையளிப்பதும் ‘நின்டெண்டோ பவர்’ இதழில் தனிப்பகுதியாகவே இடம்பெற்றன.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. அவ்விதழின் இரண்டாம் வெளியீடு இவ்வாட்டத்தையே அட்டைப்படமாகக் கொண்டது. டிராகுலாவின் துண்டித்த தலையை வீரன் கையில் ஏந்தி நிற்கும் படம் அது. குழந்தைகள் அஞ்சுகின்றனர் எனப் பெற்றோர் பலர் முறையிட்டனர். அவ்வெளியீடு 1988 செப்டம்பர் – அக்டோபர் இதழ்; ஆட்டம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது அதன் பின்னரே. ஆக, மூலத்தைக் காணுமுன்னரே வாசகர் உரையைப் படித்துவிட்டனர். இம்முறைமாற்றம் ஆட்ட இதழியலில் பெருவழக்கு. ஓர் ஆட்டம் எவ்வாறு இருக்கும் என்னும் எதிர்பார்ப்பு இதழில் உருவாகி, பின்னர்த் திரையில் சோதிக்கப்பட்டது.

நிலப்படம் என்னும் விளக்கம்

இவ்விதழ்கள் வழங்கிய விளக்கங்களுள் தலையாயது நிலப்படம். ஆடுபவர் ஒரு நேரத்தில் ஒரு திரையை மட்டுமே காண்கிறார். கடந்துபோன இடம் திரையின் இடப்புறம் மறைந்துவிடுகிறது. பக்கவாட்டில் நகரும் ஆட்டங்களில் இடம் என்பது காலமாகவே அனுபவிக்கப்படுகிறது. இதழோ திரையைப் பகுதி பகுதியாக ஒளிப்படம் எடுத்து ஒட்டி, ஒரு கட்டம் முழுவதையும் இரு பக்கங்களில் விரித்துக் காட்டியது. அவ்விரிப்பு ஆட்டத்தில் எங்கும் இல்லாத காட்சி. 1986இல் ஜப்பானில் வெளிவந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ ஆட்டத்தில் எந்தப் புதரை எரித்தால் படிக்கட்டு தோன்றும், எந்தப் பாறையை வெடிவைத்தால் குகை திறக்கும் என்பதற்குத் திரையில் பெரும்பாலும் அடையாளமே இல்லை. அதனை அறிந்த ஒருவர் அறியாத ஒருவருக்குச் சொல்ல வேண்டும். இதழின் நிலப்படம் அவ்வாய்மொழியை அச்சில் நிலைபெறச் செய்தது.

அப்படங்கள் எடுக்கப்பட்ட முறையும் கருதத்தக்கது. எண்மப் படப்பிடிப்பு இல்லாத அக்காலத்தில், இருட்டறையில் குழாய்த் திரைமுன் ஒளிப்படக் கருவியை நிறுத்திப் படமெடுத்தனர். திரையின் வளைவும், கிடைக்கோடுகளும், வண்ணங்கள் ஒன்றோடொன்று கசிந்து கலப்பதும் தாளில் பதிந்தன. இன்று அவ்வாட்டங்கள் தட்டைத்திரையில் கூர்மையான சதுரங்களாகத் தோன்றுகின்றன. ‘பழைய ஆட்டம்’ என்றாலே அச்சதுரங்கள்தாம் நினைவுக்கு வரும் அளவுக்கு அத்தோற்றம் நிலைபெற்றுவிட்டது. ஓவியர் குழாய்த் திரையின் கசிவைக் கணக்கிற்கொண்டே புள்ளிகளை இட்டார் என்பதற்கு அவ்விதழ்களின் மங்கலான படங்கள் கூர்மையான மறுவெளியீடுகளைவிட நம்பத்தக்க சாட்சி.

தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வுறவு புதிதன்று. ‘தகடூர் யாத்திரை’ முழுமையாகக் கிடைக்கவில்லை; நச்சினார்க்கினியர் உரையிலும் புறத்திரட்டிலும் எஞ்சிய பாடல்களைக் கொண்டே அந்நூலை அறிகிறோம். உரையாசிரியர் விளக்கத்திற்காக எடுத்தாண்டது, மூலம் மறைந்தபின் மூலத்தின் இடத்தைப் பெற்றுவிடுகிறது. எனினும் இவ்வொப்புமையை ஓரளவிற்குமேல் நீட்டலாகாது. நச்சினார்க்கினியருக்கு முடியாத ஒன்று ஆட்ட இதழ்களுக்கு முடிந்தது. மூலம் உயிரோடிருக்கும்போதே, அதன் ஆசிரியர் கண்முன்னரே, இடைச்செருகல் ஒன்றைப் புகுத்தி அதனை ஆசிரியரே ஏற்கும்படிச் செய்ய அவற்றால் இயன்றது.

இடைச்செருகல்

1991இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ முதலில் காசு போட்டு ஆடும் பொது இயந்திரத்திலும், மறு ஆண்டில் கன்சோலிலும் வந்தது. அதில் ரியு என்னும் வீரன் வென்றபின் தோற்றவனை நோக்கி ஒரு தொடர் கூறுகிறான். ஜப்பானிய மூலத்தில் அவன் குறிப்பது தன் தாக்குதல் முறையை. ‘எழும் நாகக் குத்து’ எனப் பொருள்படும் ஷோர்யூகென் அது. ஆங்கிலத்தில் அதன் எழுத்துக்கள் சீன ஒலிப்பின்படி ‘ஷெங் லாங்’ எனப் படிக்கப்பட்டன. ஷெங் லாங்கை வீழ்த்தினாலன்றி வெல்ல வாய்ப்பில்லை என்னும் பொருளில் தொடர் அமைந்துவிட்டது. குத்து ஒன்று ஆளாக மாறிற்று. ஆட்டத்தில் இல்லாத அந்த ஆளை ஆடுவோர் தேடத் தொடங்கினர்.

அமெரிக்காவின் ‘எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி’ இதழ் 1992 ஏப்ரலில் விடை தந்தது. ரியுவாக ஆடி, எப்போட்டியிலும் ஓர் அடிகூட வாங்காமல் இறுதி எதிரியை அடைந்து, அங்கும் அடிக்காமலும் அடிபடாமலும் சுற்றுக்களைக் கடத்தினால் ஷெங் லாங் தோன்றுவான் என்றது. செய்தியை அனுப்பியவர் பெயரும் ஊரும் தரப்பட்டிருந்தன. பெயரை விரைந்து ஒலித்தால் ‘காசு வீண்’ என்றும், ஊரை ஒலித்தால் ‘மறுபடி ஏமாந்தாய்’ என்றும் ஆங்கிலத்தில் கேட்கும். முட்டாள்கள் தினத்துக்கான குறிப்பை இதழ் ஒளிக்கவில்லை, வாசகர் கவனிக்கவில்லை. பிறநாட்டு இதழ்கள் சிலவும் அதனை மெய்யென எடுத்து வெளியிட்டன. அவ்வாண்டு டிசம்பரில்தான் இதழ் உண்மையை ஒப்புக்கொண்டது.

1994இல் வந்த ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ’ ஆட்டத்தில் அகுமா என்னும் மறைபாத்திரம் இடம்பெற்றது. கடும் நிபந்தனைகளை நிறைவேற்றியவர்க்கு மட்டுமே தோன்றி, இறுதி எதிரியை நொடியில் ஒழித்துவிட்டு ஆடுபவரை எதிர்கொள்ளும் பாத்திரம் அது. ஏப்ரல் பொய்யின் சாயல் அதில் உண்டெனப் பலரும் கருதுகின்றனர். வடிவ ஒற்றுமை அக்கருத்துக்கு இடந்தருகிறது. மொழிபெயர்ப்புப் பிழையிலிருந்து வதந்தி, வதந்தியிலிருந்து இதழ்ச்செய்தி, இதழ்ச்செய்தியிலிருந்து ஆட்டம் என்னும் இவ்வரிசையைப் பேழையை மட்டும் பாதுகாத்தால் ஒருபோதும் மீட்டெடுக்க இயலாது. 1992இன் அச்சுப்பக்கம் இல்லையேல் அகுமா வெறும் கடினமான எதிரி.

ஜப்பானில் இதே பொய் விளையாட்டு வேறுவகையில் நிகழ்ந்தது. ‘ஃபேமிலி கம்ப்யூட்டர் மேகசின்’ தான் வெளியிட்ட உத்திக் குறிப்புகளிடையே பொய்யான ஒன்றைக் கலந்து, அதனைக் கண்டறியும் பொறுப்பை வாசகர்க்கு அளித்தது. இது வாசகரைச் சோதனையாளராகப் பயிற்றிய முறை. அமெரிக்க இதழின் பொய் ஆண்டுக்கொருமுறை வந்த குறும்பு. ஜப்பானிய இதழுக்கோ அது உரைமரபின் ஓர் உறுப்பாகவே அமைந்தது எனலாம்.

உரையாசிரியரின் சார்பு

இதழ்களின் சாட்சியத்தைத் தயக்கமின்றி ஏற்கவும் முடியாது. ‘ஃபாமிட்சு’ நான்கு திறனாய்வாளர்கள் தலைக்குப் பத்து மதிப்பெண் வழங்கும் முறையைக் கையாண்டது. முதன்முதலாக நாற்பதும் பெற்றது 1998இன் ‘ஒகாரினா ஆஃப் டைம்’. ஒரே ஆட்டத்தைப் பற்றிய நான்கு குரல்களை அருகருகே அச்சிடும் இம்முறை கருத்து வேறுபாட்டுக்கு இடமளித்தது. ‘நின்டெண்டோ பவர்’ நிலை வேறு. 2007ஆம் ஆண்டின் இறுதிவரை அதன் வெளியீட்டாளரே ஆட்டங்களை விற்பவர். 1990வாக்கில் ‘டிராகன் வாரியர்’ என்னும் ஆட்டத்தைச் சந்தாதாரர்க்கு இலவசமாக வழங்கியது அந்நிறுவனம். உரையாசிரியர் மூலத்தைக் கையில் கொடுத்து உரைக்கு வாசகர் சேர்த்த நிகழ்வு இதுவாகத்தான் இருக்கும்! அவ்விதழைக் கொண்டு ஆடுவோர் என்ன உணர்ந்தனர் என்று எழுதுவது பிழை. அவர்கள் என்ன உணரவேண்டுமென விரும்பப்பட்டது என்பதற்கே அது சான்று. அந்த அளவில் அது மதிப்புமிக்க சான்றும் ஆகும். இதழ் 2012 டிசம்பரில் நின்றது. இறுதி அட்டை முதல் அட்டையின் களிமண் மாரியோவையே நினைவூட்டியது.

2004இல் பிரிட்டனில் தோன்றிய ‘ரெட்ரோ கேமர்’ போன்ற நினைவு இதழ்கள் ஆட்டங்களை உருவாக்கியோரை நேர்கண்டு செய்த பணி பெரிது. ஆயினும் அவற்றின் நாட்டம் ஆக்கியோரின் பக்கமே சாய்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து ஆசிரியர் கூறும் நினைவுக்கும், ஆட்டம் வந்த மாதத்திலேயே அச்சான கூற்றுக்கும் முரண் எழுமிடத்துப் பின்னதைத் தேடிப் பார்க்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

தேடுவதற்கான வழி இப்போது திறந்துள்ளது என்பதும், அது ஒருபக்கமாகவே திறந்துள்ளது என்பதும் இவ்விடத்தில் கூறத்தக்கன. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்குமுன் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. நூலகங்கள் பாதுகாக்கும் பிற மென்பொருள்களை ஆய்வாளர் தொலைவிலிருந்து பயன்படுத்த 2021இல் இசைவு கிடைத்தது. ஆட்டங்களுக்கும் அதனை நீட்டிக்கக் கோரிய மனுவை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்தது. ஆய்வின் பெயரால் பொழுதுபோக்காக ஆடிவிடுவர் என்னும் அச்சமும் காரணங்களுள் ஒன்று. இன்பம் பயக்கும் என்பதற்காகக் கவிதை நூலைப் பூட்டிவைத்த நூலகம் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. இதழ்களுக்கும் முன்னர் இடர் இருந்தது. ‘நின்டெண்டோ பவர்’ இதழ்களின் மின்படிகள் 2016இல் இன்டர்நெட் ஆர்க்கைவிலிருந்து நிறுவனத்தின் வேண்டுகோளால் நீக்கப்பட்டன. எனினும் அதே ஃபவுண்டேஷன் 2025 ஜனவரியில் திறந்த மின்னூலகத்தில் வழக்கொழிந்த இதழ்கள் 1,500க்கு மேற்பட்டவை, சொல் தேடும் வசதியோடு எவர்க்கும் கிடைக்கின்றன. இன்று சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் ஆய்வாளர் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஆட்டத் திறனாய்வுகளை மேசையிலிருந்தபடியே படிக்கலாம். அத்திறனாய்வுகள் பேசும் ஆட்டம் விற்பனையில் இல்லாததாயின், அதனை ஆடிப்பார்க்க அப்பேழை இருக்கும் அமெரிக்க நூலகக் கட்டடத்திற்கே அவர் செல்ல வேண்டும்.