கல்யாணராமன் (1979): கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பார்வை

கல்யாணராமன் 1979 ஜூலை 6 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம். ஜி.என்.ரங்கராஜன் இயக்கிய முதல் படம் இது. கதையை எழுதியவர் பஞ்சு அருணாசலம். இசை இளையராஜா. கமல்ஹாசன் இரட்டை வேடத்திலும் ஸ்ரீதேவி நாயகியாகவும் நடித்தனர். தேங்காய் சீனிவாசன், வி.கே.ராமசாமி, மேஜர் சுந்தரராஜன், மனோரமா ஆகியோர் முக்கிய வேடங்களில் நடித்தனர். தமிழில் பேயை வைத்துச் சிரிக்கவைத்த படங்களின் முன்னோடிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

படத்தின் நீடித்த ஈர்ப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: கமல்ஹாசனின் துருத்திய பல், இரட்டை வேடத் தந்திரக் காட்சிகள், பாடல்கள். 1979-இல் கிடைத்த வெற்றியை விளக்க இவை போதும். ஆனால் அந்தக் காலத்துத் தந்திரக் காட்சிகள் இன்றைய கண்ணுக்கு எளிமையானவை. பல்லை வைத்துச் சிரிக்கவைப்பதும் இன்று பலருக்கு உவப்பாக இல்லை. அப்படியிருந்தும் தொலைக்காட்சியில் இப்படம் ஓடினால் வீட்டில் உள்ளவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதற்கான காரணத்தை, இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் அமைந்திருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று தேடினால் சில விஷயங்கள் தெளிவாகின்றன.

கதையும் பெயரும்

மலைத்தோட்ட முதலாளி ஒருவரின் மகன் கல்யாணம். பல் துருத்தியவன், வெகுளி, யாரையும் நம்புபவன். செண்பகம் என்ற பெண்ணை நேசிக்கிறான். தோட்டத்துச் சொத்தின் மீது கண்வைத்த கூட்டம் தந்தையையும் அவனையும் கொன்றுவிடுகிறது. அவனுடைய இரட்டைச் சகோதரன் ராமன் சென்னையில் தாயிடம் வளர்ந்தவன், நாகரிகமானவன். கல்யாணத்தின் ஆவி ராமனைத் தேடிப்போய் அவன் உடலுக்குள் புகுந்து பழிதீர்க்கிறது.

தலைப்பு இரண்டு பெயர்களின் கூட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ‘கல்யாணராமன்’ என்பது மணக்கோலத்து ராமனின் பெயர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்யாணம் என்ற பெயரைச் சுமந்தவன் கல்யாணம் ஆகாமலே சாகிறான். மணமாகாமல் செத்தவர் நிம்மதியாகப் போவதில்லை என்பது தமிழ்க் கிராமங்களின் பழைய நம்பிக்கை. தலைப்பிலேயே அந்த ஏக்கம் இருக்கிறது. படம் அதை எங்கும் விளக்கவில்லை என்பது நல்ல விஷயம்.

சப்பாணியின் உறவுக்காரன்

கல்யாணம் திடீரென்று முளைத்த பாத்திரம் அல்ல. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1977-இல், ‘16 வயதினிலே’ வெளிவந்தது. தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா இயக்கிய முதல் படம் அது. படப்பிடிப்பு பெரும்பாலும் கர்நாடகத்தின் கொள்ளேகால், மைசூர்ப் பகுதிகளில் நடந்தாலும், அதன் பேச்சும் மனிதர்களும் வைகைக்கரை ஊர்களிலிருந்து வந்தவை. அதில் கமல்ஹாசன் ஏற்ற சப்பாணி ஊரே கேலிசெய்யும் ஒருவன். மயிலாக வந்தவர் ஸ்ரீதேவி. இசை இளையராஜா. சப்பாணிக்குக் குரல் கொடுத்துப் புகழ்பெற்றவர் மலேசியா வாசுதேவன்.

கல்யாணராமனில் அதே நடிகர், அதே நடிகை, அதே இசையமைப்பாளர். கல்யாணம் காதலில் துள்ளிப் பாடும் பாட்டுக்கு அதே மலேசியா வாசுதேவன். கோவணத்தையும் வெற்றிலைச் சிவப்பையும் எடுத்துவிட்டுப் பணக்கார வீட்டு உடுப்பைப் போட்டால் சப்பாணி கல்யாணமாகிவிடுவான் என்று சொல்லலாம். இருவரும் சிரிப்புக்கு ஆளாகிறவர்கள். தங்களைப் பார்த்து ஊர் சிரிப்பதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளும் அப்பாவிகள்.

வேறுபாடு முடிவில் இருக்கிறது. சப்பாணி தாங்க முடியாத ஒரு கணத்தில் கல்லைத் தூக்கிப் பரட்டையைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறான். மயில் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். கேலிக்குள்ளானவன் திருப்பி அடித்தால் அவன் வாழ்க்கையே அதற்கு விலையாகிறது. கல்யாணத்தால் அந்த அளவுக்குக்கூட முடியாது. உயிரோடு இருக்கும்வரை அவன் ஒருவர் மீதும் கை ஓங்காதவன். அதனால் கதை அவனைச் சாகவிட்டு, வேறொரு உடம்பைக் கொடுக்கிறது. ‘16 வயதினிலே’ துயரமாக முடித்த ஒரு கேள்விக்கு, பேய்க்கதை என்ற சலுகையைப் பயன்படுத்திக் கல்யாணராமன் ஒரு வேடிக்கையான விடையைத் தேடுகிறது.

பார்வையாளரின் நிலையும் இதனால் சிக்கலாகிறது. முதல் பாதியில் அரங்கம் கல்யாணத்தின் பல்லைப் பார்த்துச் சிரிக்கிறது. பிறகு அவனைக் கொன்றவர்களும் அவனை அப்படித்தான், ஏமாற்றக்கூடிய கோமாளியாகத்தான், பார்த்தார்கள் என்று தெரிகிறது. அவன் ஆவியாகத் திரும்பும்போது எழும் சிரிப்பு முதல் சிரிப்பு அல்ல. அதில் கொஞ்சம் கடன் தீர்க்கும் உணர்வும் கலந்திருக்கிறது. படம் நிலைத்திருப்பதற்கு வலுவான காரணம் இந்த இடமாற்றம்தான்.

மலேசியா வாசுதேவனின் பாட்டு இதில் செய்யும் வேலை பெரிது. ஒரு கோமாளிக்குப் பாடும்போது குரலை உடைத்து, இழுத்து, கேலியாகப் பாடுவது எளிது. அவர் அப்படிப் பாடவில்லை. திறந்த தொண்டையில், தனக்குக் காதல் வந்துவிட்டது என்ற பெருமையோடு பாடுகிறார். மெட்டும் அவனைக் கிண்டலடிக்கவில்லை. திரையில் பல் சிரிக்கவைத்துக்கொண்டிருக்க, காதில் விழுவது ஒரு முழு மனிதனின் மகிழ்ச்சி. படத்தைக் கண்ணால் பார்க்காமல் வானொலியில் அந்தப் பாட்டை மட்டும் கேட்டவருக்குக் கல்யாணம் கோமாளி என்றே தெரியாது.

எஸ்டேட்டும் கோடாங்கியும்

கதை நடக்கும் இடம் ஒரு மலைத்தோட்டம். நகரத்துப் பார்வையாளருக்கு அது பனியும் பசுமையும் கொண்ட சுற்றுலாக் காட்சி. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் ‘எஸ்டேட்’ என்ற சொல்லுக்கு வேறு பொருள். விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம் மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்பும் ஊர்கள் அவை. சின்னமனூருக்கு மேலே மேகமலையில் தேயிலைத் தோட்டங்கள். முதலாளி யார், கணக்கு யார் கையில் இருக்கிறது, மேற்பார்வையாளர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அங்கே சோற்றுப் பிரச்சினை. தோட்டத்தை நிர்வகிப்பவர்களே முதலாளியைக் கவிழ்த்துச் சொத்தைப் பிடிக்கும் கதை அங்கே கற்பனையாகப் படாது. பிள்ளை மனம் கொண்ட வாரிசு ஒருவன் கையில் தோட்டம் இருந்தால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

ஆனால் படம் இந்தப் பக்கம் முழுதாகப் போகவில்லை. தொழிலாளிகள் பின்னணியாகவே நிற்கிறார்கள். வில்லன்கள் தட்டையானவர்கள்; பேராசை தவிர அவர்களுக்கு வேறு குணம் இல்லை. பாட்டாளிகளின் மேடைகளில் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஆர்மோனியம் வாசித்து ஊர் ஊராகப் போனவர் இளையராஜா என்பதை நினைத்தால், அவர் இசையமைத்த இந்தத் தோட்டத்துக் கதையில் கொழுந்து கிள்ளுபவரின் குரல் கேட்காதது ஒரு குறையாகவே படுகிறது.

பேய் விஷயத்தில் படம் மண்ணுக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. மதுரை, தேனிப் பக்கங்களில் ஒருவருக்குப் பேய் பிடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் கோடாங்கியை அழைப்பார்கள். அவர் உடுக்கையடித்து முதலில் கேட்பது, நீ யார், எந்த ஊர், எதற்காக வந்தாய் என்பதே. பிடித்த பேய் தன் பெயரைச் சொல்லும். எப்படிச் செத்தேன், யார் காரணம், என்ன வேண்டும் என்று சொல்லும். சிலது ஒரு சேலை கேட்கும், சிலது சேவல் கேட்கும், சிலது ஒருவரைப் பார்க்க வேண்டும் என்னும். கேட்டதைக் கொடுத்து முடித்த பிறகுதான் முடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி அறைவது. விரட்டுவதற்கு முன் விசாரணை உண்டு. உயிரோடு இருந்தபோது பேச இடமில்லாதவர் செத்த பிறகு ஊர் நடுவில் பேசுகிறார். ஊர் நின்று கேட்கிறது.

கல்யாணத்தின் ஆவி ராமனுக்குள் புகுவது இதே முறை. அது யாரையும் காரணமின்றிப் பயமுறுத்த வரவில்லை. அதற்கு ஒரு பாக்கி இருக்கிறது. இங்கேதான் உலகப் புகழ்பெற்ற பேய் நகைச்சுவைகளிலிருந்து இது வேறுபடுகிறது. ‘டாப்பர்’ (1937) படத்தில் செத்துப்போன வசதியான தம்பதி ஒரு வங்கிக்காரரின் அலுப்பான வாழ்க்கையைக் குலுக்கி விளையாடுகிறார்கள். ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ (1984) படத்தில் பேய்கள் பிடித்து அடைக்கப்பட வேண்டிய தொல்லைகள். அங்கே உயிரோடு இருப்பவர்கள் பேய்க்குக் கொடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை. தமிழில் இதற்கு முன் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ (1967) கூட வேறு வகைதான். ஜாவர் சீதாராமனின் ஜீபூம்பா ஜாடிக்குள்ளிருந்து வந்து வேண்டியதைக் கொடுக்கும் பூதம். அதற்குச் சொந்தக் குறை எதுவும் இல்லை. கல்யாணம் வேண்டியதைக் கேட்க வருகிற பேய்.

செத்தவர் ஒருவர் வீட்டுக்கு வேண்டியவராகத் தொடர்வது பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுக்கின் படம் இன்றும் பல வீடுகளில் மாட்டப்பட்டிருக்கிறது. பாலார்பட்டியில் தைப்பொங்கலன்று அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். நன்றிக்காக ஒருவரை வைத்துக்கொள்ளும் மனம்தான், நியாயம் கிடைக்காத இன்னொருவரையும் போகவிடாமல் வைத்துக்கொள்கிறது.

நடிப்பு

ராமனின் உடலில் கல்யாணம் இருக்கும் காட்சிகள் நடிப்பின் சோதனைக் களம். உடை ராமனுடையது, உடல் ராமனுடையது. இப்போது உள்ளே இருப்பது யார் என்பதை நடையாலும் பேச்சாலும் காட்ட வேண்டும். கமல்ஹாசன் இதைப் பெரும்பாலும் நேர்த்தியாகச் செய்கிறார். சில இடங்களில் சேட்டை அளவு மீறுகிறது. பத்தாண்டு கழித்து வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) கதையிலும் பஞ்சு அருணாசலத்தின் பங்கு உண்டு. பிரிந்து வளர்ந்த இரட்டையர், கொல்லப்பட்ட தந்தை, உடலைக் காரணமாக்கிக் கேலி செய்யப்படுபவனின் பழிவாங்கல் என்று எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றே. அங்கே அப்பு சாகாமலே, தன் சொந்த உடலோடு பழிதீர்க்கிறான். கல்யாணத்துக்கு அழகான அண்ணன் தம்பி உடல் தேவைப்பட்டது, அப்புவுக்குத் தேவைப்படவில்லை. அந்த வகையில் பிந்திய படம் ஒரு படி முன்னே போயிருக்கிறது.

தேங்காய் சீனிவாசனும் மனோரமாவும் தங்கள் பழகிய பாணியில் நன்றாகச் செய்திருக்கிறார்கள். சிறுவனாக வரும் ஹாஜா ஷெரீப், ‘அந்த 7 நாட்கள்’ (1981) படத்தில் பாக்யராஜின் சீடனாக வந்து இன்னும் பெயர் வாங்கினார். ஸ்ரீதேவிக்கு மயில் அளவுக்கு இங்கே வேலை இல்லை.

பின்னர் வந்தவை

தமிழில் தொடர்ச்சிப் படங்கள் அரிதாக இருந்த காலத்தில் இதற்கு ஒரு தொடர்ச்சி வந்தது: எஸ்.பி.முத்துராமன் இயக்கிய ‘ஜப்பானில் கல்யாணராமன்’ (1985). ஜப்பானின் சுகுபா நகரில் நடந்த எக்ஸ்போ 85 கண்காட்சியில் இதன் காட்சிகள் படமாக்கப்பட்டன. கல்யாணம் அங்கே ஊர் சுற்றிப் பார்க்கும் பேயாகிவிடுகிறான். பழைய பாக்கி முதல் படத்திலேயே தீர்ந்துவிட்டது. தோட்டமும் இல்லை. எனவே பல் மட்டும் மிஞ்சுகிறது. முதல் படத்தின் ஈர்ப்பு பல்லில் இல்லை என்பதற்கு இந்தத் தொடர்ச்சியே நல்ல சான்று.

கல்யாணராமனின் உண்மையான வாரிசு கால் நூற்றாண்டு கழித்து வந்தது. ராகவா லாரன்ஸின் ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) இரண்டிலும் அநியாயமாகக் கொல்லப்பட்டவர் ஒரு பயந்தாங்கொள்ளியின் உடலில் புகுந்து பழிவாங்குகிறார். காஞ்சனாவில் அந்த இடத்தில் ஒரு திருநங்கை. ஊர் யாரைப் பார்த்துச் சிரித்ததோ அவரையே பேயாகத் திரும்ப அழைப்பது கல்யாணராமன் போட்டுக்கொடுத்த பாதை. ஆனால் முனி வரிசையில் சிரிப்பும் நியாயமும் வேறு வேறு ஆட்களிடம் இருக்கின்றன: சிரிக்கவைப்பவர் பேய்க்குப் பயந்து அம்மாவின் இடுப்பில் ஏறும் நாயகன், நியாயம் கேட்பது பேய். பேய் வந்ததும் ஓசை கூடுகிறது, பார்ப்பவர் நடுங்க வேண்டும். கல்யாணத்திடம் இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன. அவன் பேயான பிறகும் குழந்தைகள் அவனுக்குப் பயப்படவில்லை.